பிரிட்ஜுக்கு அடியில்

சவரிராயனுக்கு ஐம்பத்தோரு வயது. அவனுக்குக் கிட்டார் ரிப்பேர் கற்றுத் தருகிற பிலோமினாவுக்கு முப்பத்தாறு. பெரம்பூரில் இருக்கிற அவள் கடைக்கு, செத்துப்போன தம்பி மரியதாசனின் பேஸ் கிட்டாரை மழையில் சுமந்துகொண்டு வந்தான்.

அறுபது வருஷத்துப் பழசு. தந்திகளைத் தாங்கும் இரும்பு பிரிட்ஜைத் துரு தின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு முப்பதாம் நாள் பூசை. கோயில் பாட்டுக்குழுவில் தம்பி நின்ற இடத்தில் இவன் நின்று வாசிக்க வேண்டும்.

"டீச்சர், ஒத்திகையில நான் வாசிச்சா எல்லாரும் கண்ணை மூடிக்கிறாங்க. மரியதாசன் வாசிக்கிற மாதிரியே இருக்காம். என்னோடதுன்னு ஒண்ணு இந்தக் கிட்டார்ல எப்பதான் வரும்?"

"முதல்ல அந்த ஸ்குரூவைக் கழட்டுங்க, சவரியண்ணே."

கழற்றினான். பிரிட்ஜுக்கு அடியில் ஒரு கை அகலத்துக்குப் பளிச்சென்று நீலம்.

"இது பச்சைக் கிட்டாராச்சே!"

"நீலம்தான். மேல அடிச்ச வார்னிஷ் மஞ்சளாகி பச்சையாத் தெரியுது."

"இருபத்திரண்டு வருஷம் வாசிச்சான். பச்சைன்னே சொல்லிட்டுப் போய்ட்டான்."



வாங்கி வந்த புது பிரிட்ஜை வைத்துப் பார்த்தான். அதன் ஸ்குரூ துளைகள் மரத்திலிருந்த பழைய துளைகளுக்கு அரை விரல் தள்ளி நின்றன. சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று நெஞ்சில் வந்தது. ட்ரில்லை எடுத்தான்.

"மரத்துல புதுசா அஞ்சு ஓட்டை. மேல பிரிட்ஜ் மூடிக்கும், யாரு பாக்கப் போறா? நான் போட்டதுன்னு அதாவது இருக்கட்டுமே."

அவள் ட்ரில்லைத் தடுக்கவில்லை. கிட்டாரை மட்டும் மேசையிலிருந்து எடுத்துவிட்டு, புது பிரிட்ஜை மேசை ஓரத்து இடுக்கியில் வைத்து இறுக்கினாள்.

"போடுங்க. இதுல."

"இது இரும்பு, டீச்சர். சாயங்காலம் ஆயிடும்."

"நேத்து வந்தது இதுதானே. இதுதான் வளைஞ்சு குடுக்கணும்."

இரண்டு ட்ரில் முனை முறிந்தது. அரம் உள்ளங்கையைக் கிழித்தது. வாய்க்குள்ளேயே தம்பியைத் திட்டிக்கொண்டு ராவினான். கடைசியில் பழைய ஸ்குரூ ஐந்தும் பழைய துளைகளிலேயே இறங்கின. நீலம் மறைந்தது.

தந்தியை மீட்டினான். அடிவயிறு வரைக்கும் போனது. தம்பியின் சத்தமேதான்.

சவரிராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துருப்பிடித்த பிரிட்ஜைக் குப்பைக் கூடைக்குள் போட்டான். பிலோமினா குனிந்து அதை எடுத்தாள். எண்ணெய் தொட்டுத் துடைத்து, துணியில் சுற்றி, கிட்டார் பெட்டிக்குள் வைத்தாள்.

"அது எதுக்கு?"

"புதுசைக் கழட்டினா திருப்பி மாட்டறதுக்கு."

"நான் ஏன் டீச்சர் கழட்டப் போறேன்?"

அவள் பெட்டியை மூடினாள்.

"அறுபது வருஷமா கை மாறி வர்ற கிட்டாரு. கழட்டப்போறது நீங்கன்னு யாருண்ணே சொன்னது?"