பாலிஷ் காயட்டும்

குருவுக்கு ஐம்பத்திரண்டு வயசு, சீடருக்கு எழுபத்தொன்பது. வயசைப் பார்த்தா ஞானம் வருகிறது. பாபநாசம் போகிற வழியில் பூரணத்தம்மா நடத்தும் அந்தச் சின்ன மடத்துக்கு வேதமூர்த்தி எட்டு வருஷமாக வருகிறார். அம்மா முன்னால் தரையில்தான் உட்காருவார்.

நாற்காலிக்காரர் தரையில் உட்காருகிறார் என்று மடத்தில் கேலி உண்டு. சும்மா நாற்காலிக்காரர் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அவர் வரைந்து செய்த கைவைத்த நாற்காலி ஒன்று, தேக்குச் சட்டமும் பிரம்பு பின்னிய முதுகுமாக, வெளிநாட்டுக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அதற்கப்புறம் முப்பது வருஷம் மனுஷன் கொடிகட்டிப் பறந்தார். ஹோட்டல், விமான நிலையம், மந்திரி வீடு, எங்கே பார்த்தாலும் அவர் டிசைன்தான். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைக்கலாம். அவரைச் சீந்த ஆளில்லை. பட்டறையை மூடினார். செய்ததெல்லாம் பழைய சாமான் கடைக்கும் அடுப்புக்கும் போனது போக, அந்த முதல் நாற்காலி ஒன்றுதான் மிச்சம்.

அதை இப்போது ஒரு மியூசியத்தில் சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். கீழே பலகையில் போட ஒரு வரி வேண்டுமாம். யாருக்காகச் செய்தது என்று அவரே எழுதித் தர வேண்டுமாம்.

எழுதிய காகிதத்தோடு மடத்துக்கு வந்துவிட்டார்.

“தூண்ல சாஞ்சு உட்காருங்க ஐயா. முதுகு வலிக்கும்,” என்றார் பூரணத்தம்மா.

சாய்ந்துகொண்டார்.

“அம்மா, ஒரு ஆயுசு பூரா வேலை செஞ்சேன். திரும்பிப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. நெஞ்சு பதறுது. இந்த ஒரு வரிதான் மிச்சம். இது ஒண்ணை வச்சுக்கிட்டு, நானும் வாழ்ந்தேன்னு சொல்லிக்கலாமா?”

அம்மா காகிதத்தை வாங்கிப் படித்தார். ‘என் மனைவி சொர்ணத்துக்காகச் செய்தது.’

“நிஜமா?”

“சத்தியமா. கல்யாணமான புதுசு. அவளுக்கு ஓயாத முதுகுவலி. நூல் பிடிச்சு அவ முதுகை அளந்தேன், இடுப்புலேருந்து பிடரி வரைக்கும். அந்த வளைவுதான் நாற்காலியோட வளைவு. அதைப் பத்தி எத்தனை பேர் எழுதியிருக்காங்க தெரியுமா?”

“அதுல யார் யார் உட்கார்ந்தாங்க?”

வேதமூர்த்தியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ரெண்டு மந்திரி, ஒரு வெள்ளைக்காரத் தூதர், ஒரு சினிமாக்காரர், ஹைகோர்ட் ஜட்ஜ் ஒருத்தர். பட்டியல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

“அவங்க?”

“யாரும்மா?”

“சொர்ணம்மா.”

வேதமூர்த்தி தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

“அப்பா இருந்தார். மாமனார் முன்னாடி மருமக நாற்காலியில உட்கார மாட்டா. அந்தக் காலம் அப்படி.”

“மாமனார் இல்லாத நேரம்?”

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அந்தக் காலம் அப்படி என்று ஐம்பது வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிச் சமாளித்தாயிற்று. குருவிடம் அது செல்லவில்லை.

“ஒருதரம் கேட்டா. வேலை முடிஞ்ச அன்னிக்கு. வீட்டுல வேற யாருமில்ல. ‘ஒரு தடவை உட்கார்ந்து பாக்கட்டுமா’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாலிஷ் காயட்டும், அப்புறம் உட்காருன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“மறுநாளே போட்டோ பிடிக்க வந்துட்டாங்க. அப்புறம் கப்பல் ஏத்தியாச்சு. பரிசோட திரும்பி வந்ததும் கூடத்துல போட்டோம். வர்றவங்க எல்லாம் அதுல உட்காருவாங்க. அவ காப்பி கொண்டு வந்து குடுத்துட்டு உள்ள போயிடுவா. மறுபடி அவ கேக்கல. நானும் சொல்லல.”

“முதுகுவலி?”

“சாகுற வரைக்கும் இருந்துச்சு.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்த வயசில் அழுவதைப் பார்க்கச் சகிக்காது. பூரணத்தம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வேதமூர்த்தி காகிதத்தைத் திரும்ப வாங்கி, பேனாவை எடுத்துத் தன் வரியைத் தானே அடித்தார். நுனி காகிதத்தைக் கிழித்தது.

“வலிச்சா எங்க சாஞ்சுக்குவாங்க?” என்று அம்மா கேட்டார்.

“கூடத்துத் தூண்ல. வேலையெல்லாம் முடிச்சுட்டு அங்கதான் காலை நீட்டி உட்காருவா. அவ தலை எண்ணெய் பட்டுப் பட்டுத் தூண்ல ஒரு கறை. அவ போன பிறகு அளந்து பார்த்தேன். தரையிலேருந்து இருபத்தெட்டு அங்குலம்.”

அளந்து பார்த்தாராம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

“அந்தத் தூணைச் செஞ்சது யாரு?”

“தெரியாதும்மா. எங்க தாத்தா காலத்துத் தூண். யாரோ ஒரு ஆசாரி.”

சொன்ன பிறகுதான் தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் ஒரு தூண் என்பது நினைவுக்கு வந்தது. சட்டென்று முன்னால் நகர்ந்தார். நிமிர்ந்து உட்கார முடியாத முதுகு, நடுங்கியது. ஆனாலும் அப்படியே இருந்தார்.

“சாஞ்சுக்குங்க ஐயா,” என்றார் பூரணத்தம்மா. “இது பாலிஷ் போடாத தூண்.”