வெட்டிவேர்த் தண்ணீர்

“ஊரு உலகமே என் பந்தல்ல தண்ணி குடிச்சிட்டுப் போவுது. நீங்க மட்டும் ஏன் தாயே தாண்டிப் போறீங்க?”

பிச்சாண்டி வழியை மறித்துக்கொண்டு கேட்டான்.

“தாகமில்ல” என்றாள் மண்வெட்டியம்மை.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் உதடு வெடித்துக் கிடந்தது. தாகமில்லையாம்.

அவளுக்கு ஊர் எது, பேர் எது என்று யாருக்கும் தெரியாது. மலைக்கோயிலுக்குப் போகும் பாதையில், தோளில் ஒரு மண்வெட்டியோடு நடந்துகொண்டே இருப்பாள். புதையல் தோண்டுகிறாள் என்பார்கள் சிலர். பைத்தியம் என்பார்கள் சிலர். கயிற்று வியாபாரி பிச்சாண்டிக்கு மட்டும் அவள் குரு. வயதில் அவனைவிட இளையவள்தான். ஞானத்துக்கு நரை எதற்கு?

குரு என்று பேர்தானே தவிர, இதுவரை ஓர் உபதேசமும் கிடைத்ததில்லை.

அவன் பந்தலோ சாதாரணப் பந்தல் இல்லை. தென்னங்கீற்று வேய்ந்து, ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் வரிசையாகப் புதுப் பானைகள். பானைக்குப் பானை வெட்டிவேர். ஏரிக்கரைக்குக் கீழே அவனே வெட்டிய கிணற்றுத் தண்ணீர். இரவு தங்குகிறவர்களுக்குக் கரையோரம் கொட்டகை. வயிறாரச் சோறு.

எல்லாம் மகள் பூங்காவனத்தின் பேரில்.

பூங்காவனம் வாந்திபேதியில் போனவள். பேதி கண்டவளுக்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதே என்று வைத்தியர் சொல்லிவிட்டார். “அப்பா, ஒரு வாய்” என்று அவள் கெஞ்சினாள். “இல்லம்மா” என்றான் பிச்சாண்டி. மறுபடியும் கெஞ்சினாள். மறுபடியும் அதையே சொன்னான். பிறகு கேட்க அவளுக்குத் தெம்பில்லை. அதன் பிறகு அவளே இல்லை.

அன்றோடு அந்தச் சொல்லையே அவன் விட்டுவிட்டான். கடையில் கயிறு தீர்ந்துபோனால்கூட “நாளைக்கு வரும்” என்பான். இல்லை என்று சொல்லமாட்டான்.

“தாகத்த விடுங்க தாயே” என்றான் இப்போது. “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தினி பேருக்கு ஊத்தறேனே, எம் பொண்ணு தாகம் தீந்துச்சா?”

அம்மை அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“எங்கூட நட.”

நடந்தார்கள். உச்சிப்பொழுது தாண்டி ஓர் இடிந்த மண்டபம் வந்தது. மலைக்குப் போகிறவர்கள் யாரும் அதன் பின்பக்கம் போவதில்லை. அம்மை போனாள்.

அங்கே புளியமரத்தடியில், ஒரு பாய்கூட இல்லாமல் ஆட்கள் கிடந்தார்கள். பிச்சாண்டி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“இவங்களுக்கு என்ன தாயே?”

“பேதி.”

“எந்த ஊரு ஆளுங்க?”

“எல்லா ஊரும்தான்.”

ஓரமாக ஒருத்தி கிடந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தான்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்தா” என்றான் அவன், யாரும் கேட்காமலே. “ஏரிக்கரைப் பந்தல்ல சோறு தின்னுட்டு, வயிறு குளிரத் தண்ணி குடிச்சிட்டுக் கௌம்பினோம். சிரிச்சிக்கிட்டேதான் நடந்து வந்தா.”

அவள் உதடு அசைந்தது. பிச்சாண்டி குனிந்து காது கொடுத்தான்.

“வெட்டிவேரு வாசனை” என்றாள் அவள். “அந்த மவராசன் கொலம் தழைக்கணும்.”

பிச்சாண்டி சட்டென்று நிமிர்ந்தான். வாழ்த்தை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

“ஒரு வாய்த் தண்ணி” என்றாள் அவள்.

அம்மை மரத்தடியில் மூடி வைத்திருந்த சட்டியைத் திறந்தாள். கொதித்து ஆறிய தண்ணீர். உப்பும் வெல்லமும் கரைத்திருந்தது. கரண்டியால் மொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாயில் விட்டாள்.

பிச்சாண்டி பதறிப்போய் அம்மையின் கையைப் பிடித்தான்.

“தாயே! பேதிக்காரிக்குத் தண்ணி குடுக்கலாமா?”

“குடுக்கணும்.”

“சொட்டுகூடக் கூடாதுன்னு வைத்தியரு...”

“குடுத்தாப் பொழைக்கலாம்.”

அம்மை கையை விடுவித்துக்கொண்டாள். கரண்டி மறுபடி சட்டிக்குப் போனது.

பிச்சாண்டி அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். பிழைக்கலாம். அப்படியென்றால் பூங்காவனமும் பிழைத்திருக்கலாம். அவனுக்கு அழக்கூட வரவில்லை.

கரண்டி நேரத்தோடு வந்திருந்தால் இவளும் பிழைத்திருப்பாள். வரவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். புருஷன் துண்டால் விசிறுவதை நிறுத்தவே இல்லை.

அம்மை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு அப்பால் போனாள். பிச்சாண்டி பின்னால் போனான். அங்கே மண்மேடுகள் இருந்தன. புல் முளைத்தவை, முளைக்காதவை, இன்னும் ஈரம் காயாதவை. அவள் தோண்டிய புதையல் இதுதான்.

அவன் மண்வெட்டியை வாங்கித் தானே வெட்டினான்.

வெட்டி முடித்ததும் கேட்டான். “என் தண்ணியா தாயே?”

அம்மை மண்வெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“தெளிஞ்ச தண்ணியாச்சே. வெட்டிவேரு போட்ட தண்ணியாச்சே.”

“விடிகாலையில ஏரிக்கரை மேல ஏறிப் பாத்திருக்கியா?”

அவன் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பார்ப்பது மரியாதை இல்லை என்று தலையைத் திருப்பிக்கொள்வான். நல்ல மனிதன் வேறு என்ன செய்வான்?

இரவோடு இரவாகத் திரும்பி நடந்தார்கள். மறுநாள் விடியும்போது அம்மை அவனைக் கரைமேல் ஏற்றி நிறுத்தினாள். இந்த முறை அவன் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கரைச் சரிவு நெடுகிலும், இராத்திரி அவன் சோற்றைத் தின்றவர்கள் வெளிக்குக் குந்தியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பக்கம். போன வாரத்துக் கோடை மழை சரிவைக் கழுவிக்கொண்டு ஓடிய தடம் இன்னும் அழியவில்லை. அந்தத் தடம் நேரே கீழே இறங்கி அவன் கிணற்றில் போய் முடிந்தது.

“சோறு போட்டே. தண்ணி குடுத்தே” என்றாள் அம்மை. “அப்பறம் அவங்க எங்க போவாங்கன்னு நெனச்சே?”

“நெனைக்கலியே தாயே.”

அவன் விறுவிறுவென்று கீழே இறங்கினான். பந்தல் காலைப் பிடித்து உலுக்கினான்.

“பிரிச்சிடறேன். இன்னிக்கே பிரிச்சிடறேன்.”

“பிரிச்சா? ஏரியில எறங்கிக் குடிப்பாங்க.”

அவன் கை நின்றது.

அம்மை பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். வெட்டிவேர் மணலில் கிடந்தது. சோறாக்கும் அண்டாவைக் கல்லடுப்பில் ஏற்றி, தண்ணீர் ஊற்றி, சுள்ளியை அவன் கையில் கொடுத்தாள்.

“தளதளன்னு கொதிக்கணும். அப்பறம் ஆறணும்.”

“அது ஆற உச்சிவெயில் ஆயிடுமே. அதுக்குள்ள வந்து கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது?”

“நீதான் சொல்லணும்.”

பிச்சாண்டிக்குப் புரிந்துவிட்டது. சுள்ளியைக் கீழே போட்டான்.

“அந்த வார்த்தை மட்டும் வேணாம் தாயே. வேற எது சொன்னாலும் செய்யறேன். அன்னிக்குச் சொன்னதுக்கே நான் இன்னும் செத்துக்கிட்டு இருக்கேன்.”

அம்மை மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“எங்க போறீங்க?”

“குழி வெட்ட.”

நாலடி நடந்தவள் திரும்பினாள்.

“இங்க வெட்டட்டுமா, மண்டபத்தாண்ட போயி வெட்டட்டுமா?”

பிச்சாண்டி பாதையைப் பார்த்தான். தூரத்தில், மலைக்குப் போகிற கூட்டம் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

“இங்கயே வெட்டுங்க” என்றான். “கெணத்துக்கு ரொம்ப எட்டத்துல, பள்ளத்துப் பக்கமா. சுத்தித் தட்டி கட்டித் தர்றேன். இனிமே ஒருத்தரும் கரைமேல ஒக்கார வேணாம்.”

அவள் போனாள். பள்ளத்துப் பக்கமிருந்து மண்வெட்டிச் சத்தம் வந்தது. அவன் குனிந்து சுள்ளியை எடுத்தான்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண் தலையில் துணிமூட்டையோடு வந்தாள். பூங்காவனம் இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும். கவிழ்ந்து கிடந்த பானைகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து, இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

“ஐயா, ஒரு வாய்.”

அண்டாவிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

“இல்லம்மா” என்றான்.

“அண்டா நெறைய இருக்குதே!”

“ஆறட்டும்மா. ஆறினதும் தர்றேன்.”

“நீயெல்லாம் ஒரு மனுசனா? பந்தலைப் போட்டு வெச்சிக்கிட்டுத் தண்ணி இல்லேங்கிறியே. உன் வீட்ல வெளக்கு எரியுமா?”

அவள் ஏரிப்பக்கம் திரும்பினாள். பிச்சாண்டி ஓடிப்போய்க் குறுக்கே நின்று கையை விரித்தான்.

“அங்கயும் வேணாம்மா. உன் கால்ல விழறேன். கொஞ்ச நேரம் ஒக்காரு.”

சண்டை போடவும் அவளுக்குத் தெம்பில்லை. பந்தல் நிழலில் பொத்தென்று உட்கார்ந்து, அவனையும் அவன் குலத்தையும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிச்சாண்டி நின்று அத்தனையையும் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

கையெல்லாம் மண்ணோடு வந்த அம்மை, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ரொம்பத் தாகமா இருக்குது பிச்சாண்டி” என்றாள். “ஆறினதும் எனக்கும் ஒரு வாய் குடு.”