உரிக்காத கவர்

பெரம்பூரில் ஒரு மாடியறையில் ஷெரின் கிட்டார் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மாணவர் செல்வினுக்கோ தலை முழுக்க நரை. ஆனாலும் அவருக்கு அவள் "மிஸ்"தான்.

அன்றைக்கு மனுஷன் வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். எலெக்ட்ரிக் கிட்டாரைப் பையோடு மேசைமேல் வைத்தார்.

"அநியாயம் மிஸ்! கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நான்தான் லீட் கிட்டார் வாசிக்கிறதா இருந்துச்சு. நேத்து ஒத்திகை முடிஞ்சதும் அதை சர்ச்ல என்கூட வாசிக்கிற எபனேசருக்குத் தூக்கிக் கொடுத்துட்டாங்க."

"ஏன் அங்கிள்?"

"ஏனா? அவன் கையில புது மாடல்! போன வருஷம் இதுக்கு மேல கிட்டாரே கிடையாதுன்னு கம்பெனிக்காரன் சத்தியம் பண்ணாத குறை. நம்பி வாங்கினேன். இப்ப இதைவிட உசத்தின்னு இன்னொண்ணை விடுறான். நாங்கல்லாம் கேனையனுங்களா?"

கோபம் நியாயம்தான். அந்த விளம்பரங்களைப் பார்த்தால் சாமியாருக்கே கை ஊறும். செல்வின் அவற்றில் ஒரு வீடியோவைக்கூட பார்க்காமல் விட்டதில்லை. எந்த மாடலுக்கு எந்த மரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"நானும் புதுசு வாங்கப் போறேன். எதை வாங்க, சொல்லுங்க."

ஷெரின் பையைத் திறந்தாள். கம்பிகளுக்குக் கீழே இருந்த கறுப்புத் தகட்டில், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கவர் அப்படியே ஒட்டியிருந்தது.

"வீட்ல இதுலதான் பிராக்டிஸ் பண்றீங்களா?"

"ஐயய்யோ, பழைய கிட்டார்லதான். இதுல கீறல் விழுந்தா எக்ஸ்சேஞ்சுல எவன் எடுப்பான்? ஒத்திகைக்கு மட்டும் கொண்டுபோவேன். அங்கேயும் பட்டும் படாமத்தான் வாசிப்பேன்."

"எபனேசர் கிட்டார்ல கவர் இருக்கா?"

"கவரா!" செல்வினுக்கு முகமே சிவந்துவிட்டது. "வாங்கி ஒரு மாசம்கூட ஆகலை, வாசிச்சு வாசிச்சு தகடு பூரா கீறல். அந்த மாதிரி சாமானை இப்படியா பாழாக்குவான்? பார்க்கவே வயிறு எரியுது மிஸ்!"

ஷெரின் கவரின் மூலையை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பாக உரித்தாள்.

"மிஸ்! என்ன காரியம் பண்றீங்க!" செல்வின் பதறி எழுந்தார்.

தகடு முகம் பார்க்கிற கண்ணாடியாக மின்னியது. அவள் கிட்டாரைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"புதுசு கேட்டீங்களே அங்கிள். இந்தாங்க. இதை இன்னும் யாருமே வாசிக்கலை."