காலியாக இருந்தால்

மதுரையில் ஒரு நாலாம் மாடி அலுவலகத்தில் வடிவுக்கு 'குரு' என்று பெயர். யாரோ கேலியாக வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. குருவுக்கு வயது இருபத்தாறு. அவளிடம் வேலை பழக வந்த டெல்பினுக்கு முப்பத்தொன்று. பிள்ளை பெற்று, பதினான்கு மாதம் கழித்து மறுபடி வேலைக்கு வந்தவள்.

வந்ததும் அவளுக்குக் கொடுத்த வேலை, 'எட்டிப்பார்' என்ற கருவிக்கு உபயோகக் குறிப்பு எழுதுவது. ஆஸ்பத்திரி டேட்டாபேஸுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் கருவி அது. அதைக் கையாளப்போவது மனிதர்கள் இல்லை, தாமாகவே வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்கள். டெல்பினின் குறிப்பைப் படித்துத்தான் அவை நடந்துகொள்ளும்.

செவ்வாய்க்கிழமை காலை, டெல்பின் தன் லேப்டாப்பை வடிவின் மேஜையில் டொம்மென்று வைத்தாள்.

“என் மேல பழி போட்டு மெயில் அனுப்பியிருக்காங்க. பார்த்தியா குரு?”

“பார்த்தேன்க்கா.”

முந்தின நாள்தான் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஏஜென்டை முதல்முறையாக வேலைக்கு விட்டிருந்தார்கள். யார் யாருக்குப் பென்சிலின் போடலாம் என்று கேட்டதற்கு அது ஒரு பட்டியல் தந்தது. அதில் மூன்று வயதுப் பையன் ஒருவன். ஜுர வலிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பிள்ளை. விவரம் சொல்ல ஆள் இல்லாததால் 'மருந்து அலர்ஜி' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஏஜென்ட் அவனுக்கு நேராக 'அலர்ஜி இல்லை' என்று எழுதிவிட்டது.

வார்டு நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. அம்மா வரட்டும் என்று ஊசியை நிறுத்தி வைத்தாள். அம்மா வந்தாள். போன வருஷம் இதே ஊசியில் பிள்ளை மூச்சு முட்டிக் கிடந்ததைச் சொன்னாள்.

“காலிக் கட்டத்தைப் பார்த்து 'இல்லை'ன்னு எழுதுமா ஒரு ஜென்மம்?” டெல்பினுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. “எங்க பால்காரருக்கு இருக்கிற புத்திகூட அதுக்கு இல்லையே! வாசல்ல பாத்திரம் இல்லேன்னா அவர் மணி அடிச்சுக் கேட்பாரு.”

“குறிப்புல என்ன எழுதியிருந்தீங்க?”

“'காலியாக இருந்தால் இல்லை என்று கொள்க.' அது ரெண்டாவது போன் நம்பர் மாதிரி கட்டத்துக்காக எழுதினது! அலர்ஜிக்குமா அப்படி? படிக்கிற மனுஷன் யோசிக்க மாட்டானா?”

“மனுஷன்னா யோசிப்பான்.”

“பிள்ளை பெத்துட்டு வந்தவ, தலை இன்னும் தெளியலைன்னு கேன்டீன்ல பேசுறாங்க. நீயும் சொல்லு. எல்லாருக்கும் நான்தானே இளிச்சவாய்! ஒரு எழுத்தை மாத்த மாட்டேன். அந்த மெஷினைச் செஞ்சவன்கிட்டப் போய்க் கேளுங்க.”

லேப்டாப்புக்கு அடியில் ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. வடிவு அதை உருவினாள். கீழ்த்தளத்துக் குழந்தைக் காப்பகத்தின் படிவம். அன்றைக்குத்தான் புது ஆயா வந்திருந்தார். அவருக்காக டெல்பின் தன் மகளைப் பற்றி நிரப்பி வைத்திருந்தது.

பெயர்: இவாஞ்சலின். தூக்கம்: பதினொரு மணி. ஆகாத உணவு: முட்டை. முட்டைக்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தது.

வடிவு டிராயரைத் திறந்து, எழுத்தை அழிக்கும் வெள்ளை மை எடுத்தாள். 'முட்டை'யின் மேலும் மூன்று கோடுகளின் மேலும் நிதானமாகத் தடவினாள். ஊதினாள்.

“கீழ போறேன்க்கா. ஆயாகிட்டக் குடுத்துடட்டுமா?”

டெல்பின் பாய்ந்து தாளைப் பிடுங்கினாள்.

“உனக்கென்ன பைத்தியமா? ஒரு வாய் கேக் தின்னுட்டு என் பிள்ளை உதடு வீங்கி நீலமாப் போனது தெரியுமா உனக்கு? இதெல்லாம் விளையாட்டா?”

“காலியாத்தானே இருக்கு? காலின்னா இல்லைன்னுதானே அர்த்தம்?”

“அவங்க மனுஷி! காலியா இருந்தா சந்தேகம் வரும், எனக்குப் போன் பண்ணுவாங்க!”

“நீங்க எழுதின பக்கத்தைப் படிக்கிற ஏஜென்ட் யாருக்குப் போன் பண்ணும்?”

டெல்பின் குனிந்து பார்த்தாள். தாளில் மை இன்னும் காயவில்லை. அவள் கட்டைவிரலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பழைய வரியை அழித்தாள். படபடவென்று தட்டினாள். திரையை வடிவின் பக்கம் திருப்பினாள்.

'அலர்ஜி கட்டம் காலியாக இருந்தால், யாரும் கேட்கவில்லை என்று பொருள். பட்டியலில் சேர்க்காதே.'

“போதுமா?” குரலில் கோபம் இன்னும் இறங்கவில்லை.

வடிவு அதை இரண்டு முறை படித்தாள்.

“ஆயாகிட்ட இப்படி ஒரே ஒரு வரியை மட்டும் எழுதிக் குடுத்துட்டு, போனையும் அணைச்சுட்டு, பாப்பாவை விட்டுட்டு வருவீங்களாக்கா?”

டெல்பின் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மேலே போய், வேறு எந்தக் கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.