நண்டின் ஒரு கை பெருத்த கதை

கடலும் காடும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அலையாத்திக் காட்டுச் சேற்றில் சேத்தாண்டி என்றொரு நண்டு இருந்தார். பிள்ளை குட்டி பெற்ற பெரிய மனுஷர். அதனால் ‘அவர்’ என்றே சொல்வோம். அப்போதெல்லாம் சேற்று நண்டுகளுக்கு இரண்டு கொடுக்கும் ஒரே அளவு, சின்னஞ்சிறியவை. கடல்நீர் வடிந்தால் வெளியே வந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளித் தின்பார்கள். நீர் ஏறினால் வளைக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் பிழைப்பு.

ஒருநாள், எங்கோ கவிழ்ந்த கப்பலிலிருந்து ஒரு சாமான் கரை ஒதுங்கியது. வட்டமான தோல் முகம், நீளக் கழுத்து, அதன்மேல் ஐந்து நரம்பு. அதில் ஒன்று மட்டும் பாதிக் கழுத்திலேயே நின்றுபோன குட்டை நரம்பு. “இதுக்குப் பேரு பாஞ்சோ. கப்பல்காரங்க பொழுது சாஞ்சா வாசிப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் பறந்தது ஒரு கடற்காகம்.

காற்று பட்டு ஒரு நரம்பு முனகியது. சேத்தாண்டிக்கு எட்டுக் காலும் தாமாக ஆடின. கற்றுக்கொண்டே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

“மக கல்யாணத்துக்கு நிக்கிறா. இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?” என்றாள் மனைவி பவளாயி.

“இந்த வயசுல வேற என்னத்த செய்ய? சேத்தத் தின்னுட்டுச் சும்மா கெடக்கவா?” என்றார் அவர்.

நண்டுக்குத் தெரிந்த ஒரே வித்தை கிள்ளுவது. நரம்பையும் கிள்ளினார். முதல் நாளே இரண்டு நரம்பு அறுந்தது. தாழை நாரைத் திரித்துக் கட்டினார். மறுநாள் மூன்று அறுந்தது. பக்கத்துப் பள்ளத்தில் குடியிருந்த, சேற்றில் தத்தித் திரியும் உளுவை மீன் தலையை நீட்டி, “அண்ணே, ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க” என்று சிரித்தது. சேத்தாண்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நண்டுக்குக் காது ஏது?

இந்த லட்சணத்தில் மகளுக்கு அக்கரையிலிருந்து வரன் வந்தது. நிச்சயத்தன்று, “கல்யாணத்துக்கு மேளம் யாரு?” என்று சம்பந்தி கேட்டார். “நான்தான்” என்றார் சேத்தாண்டி, மார்பை நிமிர்த்தி. பவளாயி இரண்டு கண்ணையும் குழிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வாசிங்க, நல்லது. ஆனா ஒண்ணு, எங்க வழக்கத்துல கெட்டிமேளம் நின்னுட்டா தாலியும் நின்னுடும்” என்றார் சம்பந்தி.

சேத்தாண்டிக்கு அப்புறம்தான் உறைத்தது. மகளின் வாழ்வு அல்லவா அந்த நாரில் தொங்குகிறது! பத்து நாள்தான் இருந்தது. அன்று பார்த்து ஒரு நத்தை நரம்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எரிச்சலில் அதைப் புறங்கையால் கீழே தள்ளினார். ‘டொய்ங்’ என்று ஒரு நாதம் எழுந்தது. நரம்பு அறுந்துபோகவில்லை!

கிள்ளக் கூடாது, தட்ட வேண்டும். கொடுக்கை மடக்கி மேலிருந்து கீழே ஒரு தட்டு. கை எழும்பும்போது நுனியால் குட்டை நரம்பை ஒரு தொடு. டம் டிக்கு, டம் டிக்கு. பிறகு அந்தக் கையை அவர் வேறெதற்கும் எடுக்கவில்லை. இடக்கையாலேயே தின்றார். வலக்கை வீங்கிப் பெருத்து உடம்பு கனம் கனத்தது. “கையா இது, துடுப்பா?” என்றாள் பவளாயி. ஆனால் அவள் காலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பௌர்ணமியில் முகூர்த்தம். காலையிலிருந்து வாசித்தார், ஆடாத கால் இல்லை. “இன்னும் ஒண்ணு சம்பந்தி!” என்று கேட்டுக் கேட்டே நேரம் போயிற்று. பௌர்ணமி நீர் சொல்லாமல் கொள்ளாமல் ஏறியது. மாப்பிள்ளை அவசரமாகத் தாலியை எடுத்தான். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” சேத்தாண்டி கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்து பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. மகள் அப்பாவைப் பார்த்தாள். ஓடினால் பாஞ்சோவைப் பிடித்துவிடலாம், நாலு எட்டுதான். ஆனால் திரும்புவதற்குள் பந்தல் முழுகிவிடும். சேத்தாண்டி மிதந்து போகும் பாஞ்சோவை ஒரு தடவை பார்த்தார். “போய்ட்டு வா ராசா” என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, ஓங்கிய கையை வெறும் காற்றில் இறக்கினார். மறுபடி தூக்கினார், மறுபடி இறக்கினார்.

சத்தமே இல்லை. ஆனால் காலையிலிருந்து கேட்ட பாட்டு எல்லார் காலிலும் ஊறியிருந்ததே! முதலில் உளுவை வாலால் சேற்றில் ஒரு தட்டு தட்டியது: டம். அக்கரை நண்டுகள் காலால் தட்டின: டிக்கு, டிக்கு. அவர் கை ஏறி இறங்கியபடியெல்லாம் சேறே மேளமாயிற்று. மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டான். நண்டுக்குக் கழுத்து எங்கே என்று கேட்காதீர்கள், கட்டினான், அவ்வளவுதான்.

நீர் தலைக்கு மேல் போகும்போது, “கருவி போயிடுச்சே சம்பந்தி!” என்று வருந்தினார் சம்பந்தி.

“போனா என்ன? கை இருக்குல்ல!” என்று சிரித்தபடி வளைக்குள் இறங்கினார் சேத்தாண்டி.

அடுத்த முறை நீர் வடிந்தபோது, ஆண் நண்டுகளெல்லாம் வளை வாசலில் நின்று அவரைப் போலக் காற்றில் தட்டக் கற்கத் தொடங்கியிருந்தன. இடக்கைப் பழக்கக்காரர்களுக்கு இடக்கை பெருத்தது. “நீயும் வாயேன்” என்று சேத்தாண்டி கூப்பிட்டதற்கு, “ஒத்தக் கையால தின்னா எனக்கு வயிறு நெறையாது. நீங்க வாசிங்க, நான் கேக்கறேன்” என்றாள் பவளாயி.

அந்தக் கல்யாணத்திலிருந்துதான், சேற்று நண்டுகளில் ஆணுக்கு மட்டும் ஒரு கை பெரிதாயிற்று. இன்றைக்கும் பெண் நண்டு ஒருத்தி அந்தப் பக்கம் நடந்தால் போதும். அத்தனை பேரும் வாசலில் நின்று, கையைத் தூக்கித் தூக்கி இறக்கி, கடல் கொண்டுபோன பாஞ்சோவை வாசிக்கிறார்கள்.