மெஷினைத் தூங்க வைத்தவர்

சுடலைமுத்து பாத்திர மாளிகையில் ஒரு பில் வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும் என்று திருநெல்வேலியில் பேச்சு. வைகாசி முகூர்த்தக் கூட்டம் கவுண்டரில் நின்று நின்று சலித்துப் பக்கத்துக் கடைக்கு நழுவியது.

முதலாளி சுடலைமுத்து அண்ணாச்சி, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் செண்பகவல்லியைக் கூப்பிட்டார். "யாரால இந்த மெஷின் தூங்குதுன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். எவனா இருந்தாலும் இனி கடைக்குள்ள கால் வைக்கக் கூடாது. கண்டுபிடிக்கலன்னா நீ வீட்டுக்குப் போயிரு."

பில் போடும் இசக்கியப்பன், பழி தன் மேல் விழுந்துவிடுமோ என்று கீபோர்டை இன்னும் வேகமாகத் தட்டினான்.

செண்பகவல்லி, கடையின் பில் கணக்கெல்லாம் இருக்கும் டேட்டாபேஸில் ஒரு ஏற்பாடு செய்தாள். யார் எதைக் கேட்டாலும், கேட்டவர் பேரும் பதில் வர ஆன நேரமும் தானாகப் பதிவாகும். மதியத்துக்குள் விஷயம் விளங்கிவிட்டது. இசக்கியப்பன் விலை கேட்டால் கண் இமைப்பதற்குள் பதில். இன்னொருவர் மட்டும் செல்போனைத் தட்டித் தட்டி, கடை திறந்த நாள் முதல் எத்தனை குடம் விற்றது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் மெஷின் பழைய பில்லையெல்லாம் முதலிலிருந்து எண்ணியது. அதுவரை புது பில்கள் காத்துக் கிடந்தன.

"ஆளு சிக்கிட்டானா?" என்றார் அண்ணாச்சி.

"சிக்கிட்டாரு. ஆனா அவரை வெளிய அனுப்பணும்னா வாசல் போர்டையும் கழட்டணும் அண்ணாச்சி. அதுலயும் அவரு பேருதான் இருக்கு."

அண்ணாச்சி போர்டை எட்டிப் பார்த்தார். கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். பிறகு அதை இசக்கியப்பனிடம் கொடுத்து, டிராயரில் வைத்துப் பூட்டச் சொன்னார்.

கடை அடைக்கும் நேரத்தில் மெதுவாகக் கவுண்டர் பக்கம் வந்து நின்றார்.

"தாயி, கூட்டமெல்லாம் போயிட்டு. ஒரே ஒரு தடவை பாத்துக்கிடட்டுமா?"