மொக்கச்சாமி முன்னிலைக்குப் போன கதை

கீழப்புளிச்சான்குளத்தில் புத்தி இல்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. தேய்ந்துவிடும் என்று யாரும் அதை வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் கத்திரி போட்டுப் பிழைத்தவர் மொக்கச்சாமி. ரயில் பாதைக்கு அடியில் போகும் வாய்க்கால் குழாய் அடைத்துக்கொண்டு, ஒரு மழைக்கே அவர் தோட்டம் குளமாகிவிட்டது. மனு கொடுக்கப் போன இடத்தில், "ரயிலு டெல்லி சமாச்சாரம்யா. எம்.பி. பார்த்தாத்தான் ஆகும்" என்றார்கள்.

"அப்ப நானே எம்.பி. ஆயிட்டுப் பார்க்கிறேன்" என்று மொக்கச்சாமி கிளம்பிவிட்டார். கூட்டாளிகள் சடையாண்டியும் நல்லுக்காளையும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதும் தனுஷ்கோடிதான் வேட்புமனுவை நிரப்பிக் கொடுத்தார். போகும்போது புத்தியும் சொல்லி அனுப்பினார்.

"இன்னையிலிருந்து நீங்க தேர்தல்ல நிக்கிறீங்க. எவன் வந்து என்ன சொன்னாலும் உட்கார்ந்துறாதீங்க. வீடு வீடா ஏறி இறங்குங்க. மத்ததைச் சனம் பார்த்துக்கும்."

பஸ்ஸில் கண்டக்டர் இடம் காட்டினார். "வேட்பாளருங்க, உட்கார மாட்டாரு" என்றார் சடையாண்டி. நாற்பது கிலோமீட்டரும் நின்றபடியே வந்தார் மொக்கச்சாமி. வீட்டிலும் நின்றுகொண்டே சாப்பிட்டார். தூங்குவதற்குப் பூவரச மரத்தோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். அவர் மனைவி பெருமாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?"

"பத்தொன்பது நாளைக்கு."

"உம்ம முழங்காலு தாங்குமா?"

"முழங்காலைப் பார்த்தா நாட்டை யாரு பார்க்கிறது?" என்றார் நல்லுக்காளை. அவர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பிரச்சாரம் தொடங்கியது. முதல் வீடு கொண்டம்மாளுடையது. ஏணி வைத்து மூன்று பேரும் கூரை மேல் ஏறினார்கள்.

"யாருடா அது மேல?" என்று உள்ளேயிருந்து கத்தினாள் கொண்டம்மாள்.

"ஓட்டு கேக்க வந்தோம் ஆத்தா!"

காலுக்கடியில் நாலு ஓடு நொறுங்கின. ஒன்று கொண்டம்மாளின் குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "இந்தா உன் ஓட்டு!" என்று வீசினாள். சடையாண்டி அதைப் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டார். "ஒண்ணு விழுந்திருச்சு அண்ணே" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தொரு வீடு ஏறி இறங்கியாயிற்று. அடுத்தது ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் வீடு. மொக்கச்சாமிக்கு உயரத்தில் தலை சுற்றியது, உட்காரவும் வழியில்லை. மாடி உச்சியில் இருந்த கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றுவிட்டார். ஊரே கூடிவிட்டது.

"ஐயா, தயவுசெஞ்சு இறங்குங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கும்பிட்டார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"குழாய் அடைச்சிருக்கு."

"அவ்வளவுதானா?" அவர் நாலு ஆட்களைக் கடப்பாரையோடு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் அடைப்பு வெளியே வந்தது. பெரிய இலவம்பஞ்சு மெத்தை அது.

"அட, என் மெத்தை!" என்றார் நல்லுக்காளை. "ஐப்பசியில வாய்க்கால்ல நனையப் போட்டேன். எங்க போச்சுன்னே தெரியலை."

தோட்டத்துத் தண்ணீர் கடகடவென்று வடிந்தது. மொக்கச்சாமிக்குக் கண் கலங்கியது. "வேலைதான் முடிஞ்சிருச்சே, இப்ப உட்காரலாமா?"

சடையாண்டி விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தார். "முடியாது அண்ணே. வாபஸ் வாங்குற தேதி நேத்தே முடிஞ்சுபோச்சு."

மொக்கச்சாமி பெருமூச்சு விட்டு, நின்றார்.

ஓட்டுப் போடுகிற நாளும் வந்தது. வரிசையில் நின்ற வாத்தியார் ஒருவர், "ஓட்டுங்கிறது ரகசியம். யாருக்குப் போட்டோம்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றார்.

நல்லுக்காளைக்குச் சந்தேகம் வந்தது. "ஒருத்தருக்கும்னா, நமக்குமா?"

"நாமளும் ஒருத்தர்தானே?" என்றார் சடையாண்டி.

ஆகவே இருவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைக்குக் கிடைத்த பொத்தானை அழுத்தினார்கள். மொக்கச்சாமியும் அப்படியே செய்தார். பெருமாயி மட்டும் கண்ணை நன்றாகத் திறந்துவைத்து வேறொருவருக்குப் போட்டாள். "இந்த மனுசன் டெல்லிக்குப் போயிட்டா கத்திரிக்காயை யாரு பறிக்கிறது?"

சாயங்காலம் ஓட்டுப்பதிவு முடிந்ததும் மொக்கச்சாமியை உட்காரவைத்தார்கள். முழங்கால் மடங்குவதற்கு விளக்கெண்ணெய் அரைப்படி பிடித்தது.

எண்ணுகிற அன்று மூவரும் ஜில்லாத் தலைநகருக்குப் போனார்கள். மைதானம் முழுக்க ஜனக்கூட்டம். ஒலிபெருக்கி சொன்னது: "சுயேச்சை வேட்பாளர் மொக்கச்சாமி மிகவும் பின்தங்கியிருக்கிறார்."

சடையாண்டி திரும்பிப் பார்த்தார். உண்மைதான். மொக்கச்சாமி கூட்டத்துக்குப் பின்னால், சோடாக் கடை ஓரமாக நின்றிருந்தார்.

"அட, வாங்கண்ணே முன்னால!" இருவரும் அவரைத் தள்ளிக்கொண்டு முதல் வரிசைக்கு வந்தார்கள்.

"இரண்டாம் சுற்று. மொக்கச்சாமி தொடர்ந்து பின்தங்கியே இருக்கிறார்."

"இதுக்கு மேல கம்பி வேலிதான் இருக்கு" என்றார் நல்லுக்காளை.

"வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்குல்ல?" என்றார் சடையாண்டி.

வேலியைத் தாண்டினார்கள். மூன்றாம் சுற்று அறிவித்தபோது மூவரும் பெட்ரோல் பங்க்கைக் கடந்திருந்தார்கள். ஒலிபெருக்கி இன்னமும் பின்தங்கல் என்றே சொன்னது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். எதிரே வந்த மாட்டுத்தரகர் "எங்கய்யா இத்தனை அவசரமா?" என்று கேட்டார்.

"முன்னிலைக்கு!" என்றார் மொக்கச்சாமி, மூச்சிரைக்க.

ஆறு கிலோமீட்டர் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"இப்ப யாராவது பின்தங்கல்னு சொல்றாங்களா?" என்றார் சடையாண்டி.

"இல்லையே."

"அப்ப ஜெயிச்சுட்டோம்" என்று நல்லுக்காளை பையிலிருந்த சரவெடியை எடுத்துப் பற்றவைத்தார். பாலத்தில் போன ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து மொக்கச்சாமிக்குக் கை கொடுத்து, "எந்தத் தொகுதிங்க?" என்று கேட்டார்.

மொக்கச்சாமி நாலா பக்கமும் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க தம்பி," என்றார். "இது எந்தத் தொகுதி?"